கத்தியைத் தாண்டுவது என்றால் என்ன?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

"என் அக்காவுக்கு வயது 46. இரண்டு வருடம் முன்பு அத்தான் இறந்துவிட்டார். நெஞ்சு வலி என்று தானே நடந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், ஐந்தாம் நாள் ஐசியூவிலிருந்து திரும்பவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு நானும் அக்காவும் குறி சொல்லும் ஒரு அம்மாவிடம் போயிருந்தோம். 'உன் வீட்ல ஒரு வெளிச்சம் குறையும், ஆனா இருட்டு நிக்காது' என்றார். அப்போது எங்கள் அம்மாவுக்குக் கண்புரை முற்றியிருந்தது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். அத்தான் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து அக்கா அந்த அம்மாவைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. பரிகாரத்துக்கு என்று இரண்டு வளையல்களை விற்றுவிட்டாள். இப்போது அக்காவுக்கு மார்பில் கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஆரம்ப நிலைதான், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். அக்கா குறி கேட்டதில், 'இது கத்தி வருஷம். கத்தியைத் தாண்டினா கண்டம் விலகும்' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று அர்த்தமாம். இரண்டு முறை தேதியைத் தள்ளிவிட்டாள். நானும் இதையெல்லாம் நம்பாதவள் இல்லை, அத்தான் விஷயத்தில் சொன்னது நடந்ததே. ஆனால் இப்போது பயமாக இருக்கிறது. நானே தனியாகப் போய் அந்த அம்மாவிடம், 'அக்காவை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ளலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது குறி சொல்பவரைப் பற்றி. நான் முதலில் தேதியைப் பற்றிப் பேசிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். நான் மனநல ஆலோசகர், புற்றுநோய் மருத்துவர் அல்ல. உங்கள் அக்காவின் கட்டி எத்தனை நாள் பொறுக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அவருக்கு ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவரிடம் இந்த வாரமே நேராகக் கேளுங்கள்: "எந்தத் தேதிக்கு மேல் தள்ளக் கூடாது?" 2020-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. ஏழு வகைப் புற்றுநோய்கள், 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அறுவை சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்புக்கான அபாயம் சுமார் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. இது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த மொத்தக் கணக்கு, தனி ஒருவருடைய தலையெழுத்து இல்லை. இதுவரை போன நாட்களை எண்ணி இன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்றாவது முறை தள்ள விடாதீர்கள்.

சரி, வாக்குக்கு வருவோம்.

"கத்தியைத் தாண்டினா கண்டம் விலகும்." இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குழியைத் தாண்டு என்றால் அதில் கால் வைக்காமல் போ என்று அர்த்தம். ஆற்றைத் தாண்டு என்றால் இறங்கி அக்கரைக்குப் போ என்று அர்த்தம். அந்த அம்மா சொன்ன கத்தி குழியா, ஆறா? குழி என்றால் ஆபரேஷன் வேண்டாம். ஆறு என்றால் ஆபரேஷனைச் செய்துகொண்டு கரையேறு. வாக்கியத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. "வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னார்" என்று நீங்கள் எழுதவில்லை, "அர்த்தமாம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த அர்த்தத்தைச் சொன்னது யார்? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை, அக்காதான்.

இன்னும் ஒரு படி போய்ப் பார்ப்போம். அக்கா ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகிவிட்டால், "கத்தியைத் தாண்டிட்டா, கண்டம் விலகிடுச்சு" என்பார்கள். ஆபரேஷனில் ஏதாவது சிக்கல் வந்தால், "தாண்டத்தானே சொன்னேன், போய்ப் படுத்துட்டியே" என்பார்கள். செய்துகொள்ளாமல் ஒரு வருடம் சும்மா இருந்தால் வாக்கு பலித்தது. செய்துகொள்ளாமல் நோய் பரவினால், "கத்தியைத் தாண்டியிருந்தா விலகியிருக்குமே." நாலு பக்கமும் வாசல் வைத்த வாக்கியம் இது. எந்தப் பக்கம் போனாலும் சொன்னவர் வெளியே வந்துவிடலாம். உள்ளே மாட்டிக்கொள்வது கேட்டவர் மட்டும்தான்.

பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டவருக்கு "ஆணல்ல பெண்" என்று எழுதிக்கொடுத்த ஜோசியர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் பிறந்தால் "ஆணல்ல, பெண்." ஆண் பிறந்தால் "ஆண், அல்ல பெண்." மூச்சை எங்கே விடுகிறோம் என்பதில்தான் முழு ஜோசியமும் இருக்கிறது. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆலோசனைக்கு வருபவர்கள் இதே மாதிரி வாக்கியங்களைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

ஆனால் உங்களுக்கு உண்மையில் உறுத்துவது கத்தி இல்லை, வெளிச்சம். "அத்தான் விஷயத்தில் சொன்னது நடந்ததே" என்ற அந்த ஒரு வரிதான் உங்களையும் அக்காவையும் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் அதை அவசரமாகத் தள்ளாமல் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போகிற போக்கில் நீங்களே ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: அம்மாவின் கண்புரையைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். அதாவது, குறி கேட்டு வீட்டுக்கு வந்த அன்றே அது பலித்துவிட்டது! வெளிச்சம் என்றால் கண் பார்வை, அது குறைந்துகொண்டிருந்தது, ஆபரேஷன் செய்தால் இருட்டு நிற்காது. எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது, பாருங்கள். அத்தான் இன்றும் உயிரோடு இருந்திருந்தால், "அந்த அம்மா என் அம்மாவின் கண்ணைப் பற்றிப் பார்த்தது மாதிரி சொன்னாங்க" என்று நீங்கள் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அத்தான் போனதும் அதே வாக்கியத்தைக் கண்ணிலிருந்து கழற்றி மரணத்தில் மாட்டிவிட்டீர்கள். பையனுக்கு வேலை போயிருந்தால் அங்கே மாட்டியிருக்கும். குடும்பத்தில் ஒரு மனஸ்தாபம் வந்திருந்தால் அங்கேயும் மாட்டியிருக்கும். நீங்கள் ஏமாளி என்று சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற மனசு பின்னோக்கிப் போய், 'முன்பே ஏதாவது தெரிந்ததா' என்று தேடும். அப்படித் தேடாத மனிதரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் இன்னொரு கணக்கு. குறி சொல்பவர் ஒருவரிடம் ஒரு நாளைக்கு 20 பேர் வருகிறார்கள், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 பேர். ஒவ்வொருவர் குடும்பத்திலும் வயதானவர்கள், நோயாளிகள், கடன்காரர்கள் இருப்பார்கள். "வெளிச்சம் குறையும்" என்று அத்தனை பேரிடமும் சொன்னால் சில நூறு வீடுகளிலாவது சில மாதங்களுக்குள் ஏதோ ஒன்று குறையும். அந்த வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து காலில் விழுவார்கள். ஒன்றும் குறையாத வீட்டுக்காரர்கள் "நீங்கள் சொன்னது நடக்கவில்லையே" என்று கேட்க வரமாட்டார்கள், மறந்துபோய்விடுவார்கள். ஆக, சொல்பவருக்கும் காதில் விழுவதெல்லாம் பலித்த கதைகள் மட்டும்தான். அதனால்தான் குறி சொல்பவர்கள் எல்லோரையும் பொய்க்காரர்கள் என்று நான் சொல்வதில்லை. தங்கள் வாக்கைத் தாங்களே மனசார நம்புகிறவர்கள் அவர்களில் நிறைய உண்டு. கேட்பவருக்கு வரும் ஆபத்து அதனால் குறைந்துவிடாது.

முதல் வாக்கு பலித்ததால் இரண்டாவதையும் நம்பி மாட்டிக்கொண்ட ஒரு ராஜாவின் கதை இருக்கிறது. பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தது. லிடியா நாட்டு அரசன் குரோசஸ், பெரும் பணக்காரன். கிழக்கே பாரசீகத்தில் சைரஸ் வளர்ந்துகொண்டே வருகிறான். அவன் மேல் படையெடுக்கலாமா என்று குறி கேட்க வேண்டும். குரோசஸ் நம்மைவிடக் கெட்டிக்காரன், குறி சொல்கிற இடங்களையே முதலில் சோதித்துப் பார்த்தான். பல இடங்களுக்கும் ஆள் அனுப்பி, "புறப்பட்ட நூறாவது நாள் அன்று எங்கள் ராஜா என்ன செய்துகொண்டிருக்கிறார்?" என்று கேட்கச் சொன்னான். அந்த நாளில் யாருமே ஊகிக்க முடியாத ஒரு காரியத்தைச் செய்தான்: ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் வெட்டி, வெண்கலப் பாத்திரத்தில் போட்டு, வெண்கல மூடியால் மூடி வேக வைத்தான். கிரேக்கர்கள் குறி கேட்கப் போகும் கோயிலான டெல்ஃபியிலிருந்து வந்த பதில் அதை அப்படியே சொன்னது.

இது நடந்ததா என்பது வேறு விஷயம். ஹெரோடோட்டஸ் எழுதியது ஏறக்குறைய நூறு வருடம் கழித்து. பலித்த கதைகள் காலம் போகப்போக மெருகேறும். ஆனால் கதையில் குரோசஸின் மனசு எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஆமை சரியாக இருந்தது, எனவே இனி எதுவும் சரியாக இருக்கும். டெல்ஃபிக்கு 117 பொன் கட்டிகளும் பொன்னால் செய்த சிங்கமும் காணிக்கையாகப் போயின. (உங்கள் அக்காவின் இரண்டு வளையல்கள் ஞாபகம் வந்தன.) பிறகுதான் உண்மையான கேள்வியைக் கேட்டான்: படையெடுக்கலாமா? எல்லையில் ஓடும் ஹாலிஸ் ஆற்றைத் தாண்டினால் குரோசஸ் ஒரு பெரிய ராஜ்யத்தை அழிப்பான் என்று பதில் வந்தது.

தாண்டினால். இங்கேயும் அதே சொல்தான்.

அவன் தாண்டினான். கி.மு. 546 வாக்கில் அவனுடைய தலைநகரான சார்டிஸ் சைரஸிடம் விழுந்தது. பெரிய ராஜ்யம் அழிந்தது உண்மைதான், அது அவனுடையதாகப் போயிற்று. பிடிபட்ட பிறகு தன் விலங்குகளை டெல்ஃபிக்கு அனுப்பி, "இப்படி ஏமாற்ற வெட்கமாக இல்லையா?" என்று கேட்கச் சொன்னானாம். வந்த பதில்: எந்த ராஜ்யம் என்று நீ திரும்பக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது உன் தவறு.

இந்தப் பதிலை நான் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். "பரிகாரம் முழுசா செய்யலை", "நம்பிக்கையோட செய்யலை", "நான் சொன்னது வேற, நீ புரிஞ்சுக்கிட்டது வேற." இரண்டாயிரத்து ஐநூறு வருடமாக இந்தத் தொழிலில் மாறாத வசனம் இதுதான். அரிஸ்டாட்டில், பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில், இதே ஹாலிஸ் ஆற்று வாக்கை எடுத்துக்காட்டிச் சொல்கிறார்: குறி சொல்பவர்கள் பொதுவாகப் பேசுவதற்குக் காரணம், பொதுவாகப் பேசினால் தப்பு குறையும் என்பதுதான். கையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதைவிட ஒற்றையா இரட்டையா என்று சொன்னால் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். நடக்கும் என்று சொல்வது சுலபம், எப்போது என்று சொல்வதுதான் கஷ்டம், அதனால்தான் அவர்கள் எப்போது என்று சொல்வதில்லை.

அதே டெல்ஃபியிலிருந்து வந்த இன்னொரு வாக்கு உண்டு, அது நல்லபடியாக முடிந்தது. கி.மு. 480-ல் பாரசீகப் படை ஏதென்ஸை நோக்கி வந்தபோது "மரச்சுவர்தான் காப்பாற்றும்" என்று வந்தது. கொஞ்சம் பேர் கோட்டைக் குன்றின் மேல் மரத்தால் வேலி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், செத்தார்கள். தெமிஸ்டோக்கிளீஸ் என்ற தலைவர் மரச்சுவர் என்றால் கப்பல்கள் என்றார், மற்றவர்கள் கப்பல் ஏறினார்கள், சலாமிஸ் கடற்போரில் ஜெயித்தார்கள். டெல்ஃபியின் பெருமைக்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்றுதான் கண்ணில் படுகிறது. சில வருடம் முன்பே, வெள்ளிச் சுரங்கத்தில் வந்த பணத்தை ஊராருக்குப் பங்கிட்டுவிடாமல் கப்பல் கட்டச் சொல்லி வாதாடி ஜெயித்தவர் அவர். குறி வருவதற்கு முன்பே கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன.

உங்கள் அக்கா ஏன் இவ்வளவு ஆழமாக நம்புகிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவரிடம் பேசப்போகிறவர் நீங்கள், அதனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு, "இது உன் குணத்தைப் பற்றிய தனிக் குறிப்பு" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதில் இருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

பயிற்சி வகுப்புகளில் நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுபவர் நீங்கள்", "உங்களிடம் வெளிவராத திறமை நிறைய இருக்கிறது" என்ற ரகத்தில் ஒரு பக்கம். ஒரு வகுப்பில் ஒரு பெண் தாளை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே தாள்தான் என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். போகும்போது என்னிடம் வந்து மெதுவாக, "இருந்தாலும் எனக்கு எழுதினது சரியாத்தான் சார் இருக்கு" என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை.

நேரில் பேசும்போது இது இன்னும் சுலபம். "உனக்கு ரெண்டு பிள்ளைங்க இல்லையே?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். "ஆமாம், ரெண்டு" என்றால் "அதான், எனக்குத் தெரியுதே" என்பார். "இல்லைங்க, ஒண்ணுதான்" என்றால் "அதைத்தான் சொன்னேன், ரெண்டு இல்லையேன்னு" என்பார். கேள்விக்கும் செய்திக்கும் நடுவில் குரல் ஒரு நூல் பிசகினால் போதும். பாக்கியை உங்கள் முகம் சொல்லிவிடும், கூட வந்த தங்கச்சி சொல்லிவிடுவார். வெளியே வந்த பிறகு நமக்கு ஞாபகம் இருப்பது "ரெண்டு பிள்ளைன்னு கரெக்டா சொன்னாங்க" என்பது மட்டும்தான்.

நம்புவதில் என்ன கெட்டுப்போகிறது, மனசுக்கு ஆறுதல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பல நேரம் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று குறி கேட்பவரோடு எனக்குச் சண்டை கிடையாது. திரும்பப் பெற முடியாத ஒன்றை வாக்கை நம்பி விடும்போதுதான் பிரச்சினை. 1856-ல் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் நடுவே நோங்காவூசே என்ற சிறு பெண் ஒரு வாக்கு சொன்னாள்: மாடுகளையெல்லாம் கொன்றுவிடுங்கள், தானியத்தை அழித்துவிடுங்கள், முன்னோர்கள் எழுந்து வருவார்கள், நோயில்லாத புது மாடுகள் வரும். அப்போது மாடுகள் நுரையீரல் நோயில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன, நிலம் ஆங்கிலேயர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கையில் பிடிமானம் எதுவும் இல்லாத நேரம். சுமார் 4 லட்சம் மாடுகளைக் கொன்றார்கள். 1857-ல் குறித்த நாள் வந்து போனது, யாரும் எழுந்து வரவில்லை. சுமார் 40,000 பேர் பட்டினியில் இறந்ததாகக் கணக்கு. அந்த நேரத்தில்கூடப் பழி வாக்கின் மேல் விழவில்லை, மாட்டைக் கொல்லாமல் வைத்திருந்தவர்கள் மேல் விழுந்தது.

அந்த மக்களை முட்டாள்கள் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. எல்லாம் கைவிட்டுப் போன நேரத்தில் "இதைச் செய், சரியாகிவிடும்" என்று உறுதியாகச் சொன்னது ஒரே ஒரு குரல்தான். டாக்டர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். "பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஆனால்" என்று இழுப்பார்கள். அந்த "ஆனால்" நேர்மையானது. பயந்துபோன காதுக்கு அது பிடிக்காது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. தனியாகப் போய் அந்த அம்மாவை ஆபரேஷனுக்கு ஆதரவாகச் சொல்லவைக்கலாமா?

வேண்டாம். அப்படிச் செய்துவிடலாமே என்ற ஆசை உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஒரு உயிர் விஷயம், ஒரு சின்னப் பொய்தானே என்று. ஆனால் இது ஒரு ஆபரேஷனோடு முடிகிற சிகிச்சை இல்லை. பிறகு கீமோ வேண்டியிருக்கலாம், கதிரியக்கம் வேண்டியிருக்கலாம், வருடக்கணக்கில் பரிசோதனை இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் நீங்கள் அந்த அம்மாவிடம் முன்கூட்டிப் போய் நிற்க முடியாது. இதுவரை அக்காவின் பயத்துக்குத்தான் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அக்காவின் உடம்புக்கும் அவரே பொறுப்பு என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். விஷயம் ஒரு நாள் வெளியே வந்தால் அக்கா இரண்டு பேரை இழப்பார், அதில் ஒருவர் நீங்கள்.

ஆனால் அக்காவே திரும்பக் கேட்க வேண்டும் என்று நினைத்தால் தடுக்காதீர்கள். கூடப் போங்கள். குரோசஸ் கேட்காமல் விட்ட கேள்வியை அக்கா கேட்கட்டும்: "டாக்டர் இந்தத் தேதியில் ஆபரேஷன் என்கிறார். செய்துகொள்ளலாமா, கூடாதா?" பதிலை அங்கேயே ஒரு தாளில், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், தேதியோடு நேராகக் கேட்டால் குறி சொல்பவர்களில் பலர் ஒரு அடி பின்வாங்குவார்கள். "டாக்டர் சொல்றபடி செய்ம்மா, நான் வேண்டிக்கிறேன்" என்றுதான் பெரும்பாலும் வரும். அப்படி வராமல், ஆபரேஷன் கூடவே கூடாது என்று சொல்லி, அதற்கும் ஒரு பரிகாரம், அதற்கும் நகை என்று கேட்டால், உயிர்ப் பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பது என்று அதற்குப் பெயர். போலீஸில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம் அது. அதையும் ஆபரேஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். விற்ற வளையல்களைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

அக்காவிடம் வாதாடாதீர்கள். நான் மேலே எழுதிய கிரேக்கக் கதையெல்லாம் உங்களுக்காகத்தான். அவர் முன்னால் வைத்தால், தன் கணவரின் சாவுக்கு இருக்கிற ஒரே விளக்கத்தை நீங்கள் பிடுங்குவதாகத்தான் அவருக்குத் தெரியும். வேண்டுமானால் ஒன்றே ஒன்று கேளுங்கள், கிண்டல் இல்லாமல்: "தாண்டறதுன்னா போகாம இருக்கறதா, போய்ட்டு வர்றதாக்கா?" அதோடு நிறுத்திவிடுங்கள். "போய்ட்டு வர்றதுதான் சரியான அர்த்தம்" என்று நீங்கள் குறி சொல்ல ஆரம்பிக்கக் கூடாது.

ஏனென்றால் அக்கா வாக்குக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபரேஷனுக்குப் பயந்து வாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கணவர் நடந்துபோய்ச் சேர்ந்த கட்டடத்திலிருந்து திரும்பி வரவில்லை. அதே மாதிரி ஒரு கட்டடத்துக்குள் இவரையும் நடந்து வரச் சொல்கிறோம். இரண்டு அர்த்தம் உள்ள வாக்கியத்தில் அவர் இந்த அர்த்தத்தை எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இந்த இரண்டு வருடத்தில் யாராவது அவரிடம் அந்த ஐந்து நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? ஐசியூ வாசலில் யார் வந்து என்ன சொன்னார்கள், உள்ளே போய்ப் பார்க்க விட்டார்களா, கடைசியாக அவர் என்ன பேசினார் என்று? கேளுங்கள். நடுவில் ஆறுதல் சொல்லி அடைக்காமல் கேளுங்கள். அழுதால் அழட்டும். அன்றைக்குக் குறியைப் பற்றியும் ஆபரேஷனைப் பற்றியும் பேச்சே எடுக்க வேண்டாம்.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேச முடியுமா, அவர் இருதயம் சம்பந்தமான பரிசோதனைகள் என்னென்ன செய்வார், ஐசியூவில் வைப்பார்களா, வைத்தால் எத்தனை மணி நேரம், நீங்கள் உள்ளே வரலாமா. இதே ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருக்கும் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் செய்து தருவார்கள். இந்த டாக்டர் மேல் நம்பிக்கை வரவில்லை என்றால் இன்னொருவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

அந்தத் தாளை அக்கா கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் தேதி.